செரட்டோனின் அளவை அதிகரிக்க 5-எச்டிபி மாத்திரை எதற்கு? செரட்டோனினையே சாப்பிட்டால் என்ன?

மனநிலையோடு தொடர்புள்ள மூளை ரசாயனமான செரட்டோனினை விழுங்கிப் பயனில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அதனால் தாண்ட முடியாது, 5-எச்டிபி தாண்டிவிடும். பால், முட்டை, பருப்பில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உடல் முதலில் 5-எச்டிபியாக மாற்றும், அப்புறம் பி6 வைட்டமின் துணையோடு செரட்டோனின் ஆக்கும். இதில் மெதுவாக நடப்பது முதல் வேலைதான். மாத்திரை போட்டால் அது மிச்சம். கடைகளில் விற்பது பெரும்பாலும் கிரிஃபோனியா என்ற மேற்கு ஆப்பிரிக்கச் செடியின் விதையிலிருந்து எடுப்பது.

ஆனால் உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடலில். மாத்திரையிலும் ஒரு பங்கு மூளைக்குப் போகுமுன்பே செரட்டோனினாக மாறிவிடும். குமட்டல், வயிற்றுப்போக்கு என்று பலர் புலம்புவது இதனால்தான். மனச்சோர்வுக்கு உதவும் என்பதற்கான ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, பழையவை. அதை மட்டும் நம்பி நான் காசு போட மாட்டேன்.

ஏற்கெனவே ஃப்ளூவாக்ஸெடின், எஸ்சிட்டலோப்ராம் மாதிரி மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். இரண்டும் சேர்ந்து செரட்டோனின் அளவு மீறினால் நடுக்கம், வியர்வை, கடும் காய்ச்சல், மனக்குழப்பம் எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். டிராமடால் என்ற வலி மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை உண்டு.