உடற்கல்வி ஆசிரியருக்குப் புரோட்டீன் பவுடர் தேவையா?

தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எனக்கு வயது 38, எடை 70 கிலோ. பகலில் மைதானம், மாலையில் ஜிம்மில் பயிற்சியாளர் பணி. வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி), கிரியேட்டின் (தசைக்கு ஆற்றல் தர உதவும் பொருள்), பிசிஏஏ (புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் மூன்று), ப்ரீ ஒர்க்அவுட் (பயிற்சிக்கு முன் குடிக்கும் பானம்) எல்லாம் எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா? போட்டிக்குச் செல்லும் மாணவர்களுக்கும் தரலாமா?”

சாதாரண உழைப்பு உள்ளவருக்கு, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. எடைப் பயிற்சியும் செய்யும் உங்களுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை, அதாவது நாளொன்றுக்கு 84 முதல் 112 கிராம் வரை தேவைப்படலாம். இட்லி, சாம்பார் சாதம், தயிர் என்று போகும் நம் வழக்கமான சாப்பாட்டில் இதில் பாதியைத் தாண்டுவதே கடினம். ஆனால், அத்துடன் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 30 கிராம் சோயா உருண்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஆகியவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ 45 கிராம் கிடைத்துவிடும். அப்படியும் குறைந்தால், ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

டப்பாவில் அச்சிட்டிருக்கும் புரத அளவை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆய்வகத்தில் புரதம் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்தே கணக்கிடப்படுகிறது என்பதால், நைட்ரஜன் உள்ள, விலை மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலந்து அளவைக் கூட்டிக் காட்ட முடியும். உட்பொருள் பட்டியலில் இவை தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த டப்பாவைத் தவிர்த்துவிடுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிரியேட்டின் மோனோஹைட்ரேட் நன்கு ஆராயப்பட்ட பொருள். நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். அதனால் சிறுநீரகத்தின் செயல்பாட்டை அறிய இரத்தத்தில் அளக்கப்படும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு சற்றே கூடித் தெரியும் என்பதால், பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையேல் சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்ற வீண் கலக்கம் வரும். புரதம் போதிய அளவு கிடைக்கும்போது பிசிஏஏ வீண் செலவு. ப்ரீ ஒர்க்அவுட்டில் பெரும்பங்கு வேலை செய்வது கஃபீன். ஆரோக்கியமான பெரியவருக்கு நாள் முழுவதற்குமான வரம்பே 400 மில்லிகிராம். காபியும் அதில் அடக்கம். மாலையில் குடித்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் தசை தேறாது.

மாணவர்களுக்குத் தர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஆசிரியர் கையில் பார்ப்பதைத்தான் பிள்ளைகள் வாங்குவார்கள். மத்திய அரசு நடத்தும் கேலோ இந்தியா போன்ற விளையாட்டுப் போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனை நடக்கிறது. பவுடரில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்து அது சிறுநீரில் தென்பட்டால், பொறுப்பு அந்த மாணவருடையதே. தெரியாமல் சாப்பிட்டது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, பெற்ற பதக்கத்தைக் காப்பாற்றாது. தடைசெய்யப்பட்ட பொருளைக் கொடுத்த பயிற்சியாளர் மீதும் ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி நடவடிக்கை எடுக்க முடியும். பயிற்சி முடிந்ததும் வாழைப்பழமும் அவித்த முட்டையும், முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டலும் பாலும் கிடைக்கும்படி பள்ளி நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் பேசி ஏற்பாடு செய்யுங்கள்.