மேலே ஏறி வரும் பாபின் நூல்: எம்ப்ராய்டரி கேள்வி – பதில்

கேள்வி: ஒரு தலை, 12 ஊசி கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினில் பிளவுஸ் வேலை செய்கிறேன். அரக்கு, கரும்பச்சை நூலில் ஸாட்டின் (நெருக்கமாக இட்டு நிரப்பும் தையல்) ஓடும்போது ஓரங்களில் பாபினின் (அடி நூல் சுற்றிய உருளை) வெள்ளை நூல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. மேல் டென்ஷனை (நூலின் இறுக்கம்) தளர்த்தினால் கொஞ்ச நேரம் சரியாகிறது, மறுபடியும் வந்துவிடுகிறது. என்ன செய்வது? (ஈரோடு வாசகி)

பதில்: வெள்ளை எல்லா ஊசியிலும் வருகிறதா, ஒன்றிரண்டில் மட்டுமா என்று முதலில் பாருங்கள். மேல் நூலுக்கு ஊசிக்கு ஒரு டென்ஷன் குமிழ் இருக்கிறது. பாபின் மட்டும் பன்னிரண்டுக்கும் பொது. எல்லா ஊசியிலும் வந்தால் கோளாறு பெரும்பாலும் பாபின் கேஸில்தான், அதாவது பாபின் உட்காரும் கூட்டில்தான். அதை விட்டுவிட்டு மேலே தளர்த்திக்கொண்டே போனால் வெள்ளை மறையும், ஆனால் தையல் தொளதொளவென்று வளையம் கட்டி, வளையல் பட்டாலே இழுத்துக்கொள்ளும்.

கேஸைக் கழற்றிப் பாபினை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் உள்ள மெல்லிய எஃகுப் பட்டையைப் பாருங்கள். அதன் அடியில் எள் அளவு பஞ்சு சிக்கினாலும் பட்டை தூக்கிக்கொள்ளும். நூல் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே வரும். சரியாகிச் சரியாகி மறுபடியும் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விசிட்டிங் கார்டின் மூலையைப் பட்டைக்கு அடியில் நுழைத்து, நூல் வெளியேறும் திசையில் இழுத்தெடுங்கள். குண்டூசியால் நோண்டாதீர்கள். கீறல் விழுந்தால் நூல் அந்த இடத்தில் சிக்கிச் சிக்கி வரும்.

அடுத்து, பாபினைப் போட்டு நூலின் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். கையை லேசாக ஒரு வெட்டு வெட்டினால் கேஸ் 2–3 செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று கீழே ஓடினால் தளர்வு. அசையவே இல்லையென்றால் இறுக்கம். டென்ஷன் கேஜ் (இறுக்கத்தை அளக்கும் கருவி) இருந்தால் 18 முதல் 25 கிராமுக்குள் வையுங்கள். கேஸில் இரண்டு ஸ்க்ரூ இருந்தால் பெரியதுதான் டென்ஷனுக்கு. சின்னது பட்டையைப் பிடித்திருப்பது, அதைத் தொட வேண்டாம். வலப்பக்கம் திருப்பினால் இறுகும். ஒரு தடவைக்கு, கடிகாரத்தில் நிமிட முள் 5 நிமிடம் நகரும் அளவுக்கு மேல் திருப்பாதீர்கள்.

கீழே சரியான பிறகே மேலே வாருங்கள். வேலை செய்யப்போகும் அதே துணியில், அதே பேப்பரை (துணி சுருங்காமல் தாங்குவது) அடியில் வைத்து, ஒவ்வொரு ஊசியிலும் 4–5 மி.மீ. அகலத்தில் ஒரு ஸாட்டின் பட்டை ஓட்டிவிட்டு, திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை, இரண்டு ஓரத்திலும் கலர் நூல் என்று மூன்று கோடாகத் தெரிந்தால் சரி. வெள்ளை அகலமாக இருந்தால் அந்த ஊசியின் மேல் நூல் இறுக்கம். நூலிழையாகச் சுருங்கியோ மறைந்தோ போயிருந்தால் தளர்வு. அந்தந்தக் குமிழை மட்டும் திருப்புங்கள்.

ஒரே ஒரு ஊசியில் வெள்ளை வந்தால் குமிழுக்கு முன் நூலின் பாதையைப் பாருங்கள். கோனின் (நூல்கண்டு) அடியில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது வழியில் எங்கேயாவது ஒரு சுற்று கூடுதலாக விழுந்திருக்கும்.

கேள்வி: ஜரி நூல் போட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது. டென்ஷனை எவ்வளவு குறைக்கலாம்? (காஞ்சிபுரம் வாசகி)

பதில்: அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே சுற்றியுள்ள மினுமினுப்புத் தகடு உரிந்து, உள்ளே இருக்கும் இழை தெரிகிறதா? அப்படியென்றால் ஊசிக்கண் உராய்கிறது. டென்ஷனைக் குறைத்து மட்டும் பயனில்லை. 75/11 அளவு ஊசியைக் கழற்றி, கண் பெரிதான 90/14 போடுங்கள். வேகத்தை நிமிடத்துக்கு 500 தையலுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மேல் டென்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பாபினைத் தொட வேண்டாம்.

தகடு உரியாமல் நூல் முறுக்கிச் சுருண்டு அறுந்தால், கோனை மெஷினிலிருந்து தள்ளி வையுங்கள். வரும் வழியிலேயே முறுக்கு தளரும். டிசைனும் காரணமாகலாம். சாதாரண 40 நம்பர் நூலுக்காக வரிக்கு வரி 0.4 மி.மீ. இடைவெளியில் நெருக்கமாகப் போட்ட ஸாட்டினில் ஜரி ஓட்டினால் தையல் மேல் தையல் ஏறி அறுக்கும். டிசைன் போடுபவரிடம் சொல்லி நெருக்கத்தைக் குறைத்து வாங்குங்கள்.

கேள்வி: வீட்டு மெஷினில் துணிக்கு அடியில் நூல் பந்துபோலக் கட்டிக்கொள்கிறது. பாபினை இறுக்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: வேண்டாம். அடியில் பந்து கட்டுவது அநேகமாக மேல் நூலின் கோளாறு. பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) இறங்கியிருக்கும்போது, மேல் நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். அப்போது கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே இறங்காமல் மேலோடு போய்விடும். ஃபுட்டைத் தூக்கி, முழுவதும் உருவிவிட்டுத் திரும்பக் கோருங்கள். பிறகு ஃபுட்டை இறக்கி, ஊசிக்குப் பக்கத்தில் நூலை இழுத்துப் பாருங்கள். இறுக்கம் கைக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நூல் இன்னும் தட்டுக்குள் இறங்கவில்லை.