ராமேச்சாப் – லுக்லா: பறப்பது இருபது நிமிடம், காத்திருப்பது வேறு கணக்கு

உங்கள் நேபாளப் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். எவரெஸ்ட் பக்கத்து மலையூரான லுக்லாவிலிருந்து காலை விமானத்தில் கீழே ராமேச்சாப் விமான நிலையம், அன்று இரவே காத்மாண்டுவிலிருந்து ஊருக்கு விமானம் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

தூரக் கணக்கில் தவறில்லை. லுக்லாவுக்கும் ராமேச்சாப்புக்கும் நேர்கோட்டில் சுமார் 75 கி.மீ.தான். ட்வின் ஆட்டர் மாதிரி சின்ன விமானம் பதினைந்து, இருபது நிமிடத்தில் போய்விடும். ஆனால் லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரம், பாதையே கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவு. இறங்கும்போது ஒரு முனையில் மலைச்சுவர், ஏறும்போது மறுமுனையில் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். மேகம் அடைத்தாலோ மதியக் காற்று கிளம்பினாலோ எல்லாம் நின்றுவிடும்.

நான் போனபோது லுக்லாவிலிருந்து திரும்புவதற்கு ஒன்றரை நாள் காத்திருந்தேன். காலை ஆறு மணிக்கே மூட்டையை எடை போட்டுவிட்டு, கண்ணாடி வழியே வெள்ளையாக மூடிக்கிடந்த பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வீடு திரும்பும் விமானமே போய்விட்டது. அவர் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம், ராமேச்சாப்பில் இறங்கினாலும் காத்மாண்டுவுக்கு மலைச்சாலையில் சுமார் 130 கி.மீ., நாலைந்து மணி நேரம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லுக்லாவில் முதல் விமானமாகவே கேளுங்கள். மூட்டை எடை வரம்பை முன்பதிவிலேயே விசாரித்துவிடுங்கள், அங்கே கறாராகப் பார்ப்பார்கள்.