பட்டினி கிடந்த மலைப்பாம்பை எப்படிச் சாப்பிட வைப்பது?

கேள்வி இதுதான்: "தெரிந்தவர் வீட்டில் கவனிப்பாரில்லாமல் கிடந்த பால் பைதான் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். எலும்பும் தோலுமாக இருக்கிறது. பழைய தோல் உரியாமல் உடம்பிலேயே ஒட்டியிருக்கிறது. இரை வைத்தால் தொட மாட்டேன் என்கிறது. எப்படிச் சாப்பிட வைப்பது?"

சாப்பிட வைக்காதீர்கள். இப்போதைக்கு இதுதான் என் பதில்.

எடுத்து வந்து ரெண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். பெட்டி முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், பிழைத்துவிடும் என்று மனசு அடித்துக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான் அடித்துக்கொண்டது. அந்த அவசரத்தில் நான் செய்த காரியத்தால் அந்தப் பாம்பு கிட்டத்தட்டச் செத்தே போயிருக்கும். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் சித்தப்பா மகன் ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "ரெண்டு வாரம் மட்டும் பாத்துக்கோக்கா, ஹாஸ்டல்ல வைக்க விட மாட்டாங்க." அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை. பால் பைதான் என்று சொன்னதும் அம்மா அடுப்படியிலிருந்து, "எவ்வளவு பால் குடிக்கும்?" என்று கேட்டார். அந்தப் பால் இல்லை அம்மா, பந்து என்று விளக்க வேண்டியிருந்தது. பயந்தால் தலையை நடுவில் வைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும், அதனால் வந்த பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. விஷம் கிடையாது. பால் எந்தப் பாம்புமே குடிக்காது என்பது வேறு விஷயம்.

ஆனால் இது சுருளக்கூட இல்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. மரத்தூள் மேல் கயிறு போலக் கிடந்தது. நன்றாக இருக்கும் மலைப்பாம்பின் உடம்பு மேலே லேசாக வளைந்த ரொட்டி மாதிரி உருண்டிருக்கும். இதற்கு முதுகெலும்பு கத்தி முனை போல எழும்பி, இரண்டு பக்கமும் கூரை மாதிரி சரிந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, உப்புப் படிந்த வளையம்தான் இருந்தது. மூன்று தடவை உரிந்திருக்க வேண்டிய தோல் ஒன்றன் மேல் ஒன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை ஒரு கண்ணாடிச் செதில் மூடியிருக்கும். தோலோடு சேர்ந்து அதுவும் உரிய வேண்டும். இதற்கு இடது கண்ணில் பழைய செதில் அப்படியே தங்கிப்போய் அழுக்குக் கண்ணாடி போல மங்கியிருந்தது.

அப்புறம் வெள்ளைக் காகிதத் துண்டில் எடுத்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் காகிதம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், அதுவும் நகரும் புள்ளிகள். உண்ணிதான். சமையலறைத் தராசில் நிறுத்தேன்: 640 கிராம். நான்கு வயதுப் பெண் பாம்பு, ஒரு மீட்டருக்கு மேல் நீளம். இதைப்போல இரண்டு மடங்கு இருந்திருக்க வேண்டும்.

அவனிடம் அன்றைக்கே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சின்னப் பையன் என்று விட்டுவிட்டேன். இன்றுவரை அது ஒரு முள்.

மறுநாளே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். வயிற்றுப் பக்கச் செதில்களில் தீக்காயம் இருப்பதை அவர் காட்டிய பிறகுதான் நான் பார்த்தேன். தொட்டிக்கு அடியில் வெப்பப் பாய் வைத்திருந்தான், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல். வீட்டுக்கு வந்து அளந்தபோது 48 டிகிரி காட்டியது. சுடுகிறது என்று நகர்ந்துவிடாதா என்று நான் கேட்டேன். அப்படி நம்ப முடியாது, அடியிலிருந்து சுடும் சூட்டில் வெந்துபோகும் வரை அப்படியே படுத்துக் கிடக்கும் பாம்புகள் உண்டு என்றார். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு ஓரத்தில் பாலாடைக்கட்டி போல ஏதோ இருந்தது. அது சீழ். ஊர்வனவற்றுக்குச் சீழ் ஒழுகாது, கட்டியாக நிற்கும். மூன்று நாளைக்கு ஒரு ஊசி என்று எழுதினார். ஊசியை உடம்பின் முன்பாதியில் போட வேண்டும், பின்பாதி ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்று சொல்லி, எப்படிப் போடுவது என்று காட்டியும் கொடுத்தார்.

கடைசியாக ஒன்று சொன்னார்: "ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டைப் பத்தி யோசிக்காதீங்க. சூடு, தண்ணி, இருட்டு. அவ்வளவுதான்."

தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி 90 கிராம் எலி ஒன்றைச் சுடவைத்து நீட்டினேன்.

பாய்ந்து பிடித்தது. உங்கள் பாம்பு தொடவே மாட்டேன் என்கிறது, என்னுடையது அப்படியே விழுங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, காணொளிகூட எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். தின்ற நான்காம் நாள் காலையில் கதவைத் திறக்கும்போதே நாற்றம். பாதி கரைந்த எலி வெளியே கிடந்தது, பக்கத்தில் பாம்பு தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. எடை 612. எலியோடு சேர்ந்து, இருந்த கொஞ்ச நீர்ச்சத்தும் வயிற்று அமிலமும் வெளியே போயிருந்தன.

மருத்துவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நிதானமாக விளக்கினார். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது, வெளியிலிருந்து வாங்கித்தான் செரிக்கும். நீர் வற்றிய உடம்பு, சுருங்கிப்போன குடல், போதாத சூடு மூன்றும் சேர்ந்தால் உள்ளே போனது செரிக்காமல் அழுகும். செரித்தாலும் ஆபத்து உண்டு. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று பெரிய தீனி போட்டால் ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் அவற்றின் அளவு சட்டென்று விழும், இதயமே நின்றுபோகலாம். பட்டினி கிடந்த மனிதர்களுக்கும் இதே சிக்கல் வருமாம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இரையே கிடையாது. அந்த இரண்டு வாரம்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில், ஆனால் சொல்வதற்கு அதில் சுவாரசியமாக எதுவும் இல்லை. மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டுக் காகிதம் விரித்தேன். உண்ணி முட்டையிடுவது பாம்பின் மேல் இல்லை, இறங்கிப் போய் இடுக்குகளில். அதனால் தொட்டியில் இருந்த மரக்கட்டையைத் தூக்கி எறிந்தேன், மூலை முடுக்கெல்லாம் வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன், மருத்துவர் கொடுத்த மருந்தைச் சொன்ன கணக்குப்படி மட்டும் அடித்தேன். வீட்டுக் கரப்பான் மருந்தை அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்களை முதலில் வெளியே அனுப்புங்கள். பாய்க்குத் தெர்மோஸ்டாட் போட்டு, ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 என்று வைத்தேன். இரண்டு பக்கமும் உடம்பை நெருக்கிப் பிடிக்கிற அளவுக்குச் சின்னதாக ஒளிவிடம். ஒன்றே ஒன்று வைத்தால் சூடா, பாதுகாப்பா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டிவரும், பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டேன். தொட்டியின் மூன்று பக்கமும் துணி போட்டு மூடினேன்.

தோலைப் பிய்க்கக் கை துறுதுறுக்கும். பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை ஒரு பெட்டியில் போட்டு, காற்றுத் துளை வைத்து, பாம்பை அதற்குள் அரை மணி நேரம் விட்டேன். அது தானே துணிக்குள் நுழைந்து நுழைந்து தேய்த்துக்கொள்ளும். தண்ணீரில் ஊற வைப்பதென்றால் தாடைக்குக் கீழே நிற்கிற அளவு தண்ணீர் போதும், பக்கத்தை விட்டு எழுந்து போகக்கூடாது. தெம்பில்லாத பாம்பு ஆழமில்லாத தண்ணீரிலேயே மூழ்கிவிடும். கண் செதிலை மட்டும் தொடவே தொடாதீர்கள். இடுக்கியால் எடுக்கப்போய்க் கண்ணையே எடுத்தவர்கள் இருக்கிறார்கள். என் பாம்புக்கு அது நான்காம் மாதம், அடுத்த உரிப்பில், தானாகவே கழன்றது. மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே தோல், அதில் இரண்டு கண்ணாடியும் இருந்தன. இடது பக்கம் மட்டும் தடிமனாக இருந்தது. அதை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து 20 கிராம் சுண்டெலி. உறைந்ததை முழுக்க உருக்கி, வெந்நீரில் வைத்து நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து, நீண்ட இடுக்கியில் பிடித்து நீட்ட வேண்டும். மேலுதட்டில் இருக்கும் குழிகளால் அது சூட்டை உணரும், எலி ஆறிப்போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. உயிருள்ள எலியை உள்ளே விடாதீர்கள். பலவீனமான பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து அதே அளவு, மறுபடி அதே அளவு. நான்காவது தடவைதான் கொஞ்சம் பெரியது. மூன்று மாதத்தில் 790 கிராம். ஒரு வருடத்தில் 1,300.

உங்களுடையது சாப்பிட மறுப்பதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடு போதாமல் இருக்கலாம், வாய் வலிக்கலாம், இடம் புதிது என்ற பயமாக இருக்கலாம். நல்ல உடம்போடு இருக்கும் பெரிய பால் பைதான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். ஆனால் உங்களுடையதிடம் அந்தச் சேமிப்பு இல்லை. அதனால் வாரத்துக்கு இரண்டு தடவை எடை பார்த்து எழுதி வையுங்கள், இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை வந்தாலோ இந்த வாரம் இல்லை, இன்றைக்கே. வாயைப் பிளந்து இரையைத் திணிக்கும் வேலை வேண்டாம். அது தேவைப்பட்டால் குழாய் வழியாக நீர்த்த உணவு கொடுக்க மருத்துவருக்குத் தெரியும். வீட்டில் வேறு பாம்பு இருந்தால் குறைந்தது மூன்று மாதம் தனி அறை, தனி இடுக்கி. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். சின்னக் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

பாம்பை வளர்ப்பதே பாவம், கொண்டுபோய்க் காட்டில் விடு என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இதை வாங்கவில்லை. வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. பண்ணையில் பொரித்த ஆப்பிரிக்கப் பாம்பை நம் காட்டில் விட்டால் ஒன்று அது சாகும், இல்லை காடு கெடும். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் பர்மிய மலைப்பாம்பு பெருகியது வளர்ப்புப் பாம்புகள் வெளியே போனதால்தான். வளர்க்க உரிமமோ பதிவோ தேவைப்படும் இடமென்றால் அதை முதலில் சரி செய்யுங்கள். நான் செய்தேன். நான் மருத்துவரும் இல்லை. மருந்தின் பெயரும் அளவும் இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை, பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.

இன்னொரு கூட்டம் "பாம்பு நாறும்" என்று சொல்லும். நாறாது. சுத்தமாக வைத்தால் நாயைவிட, பூனையைவிட வாசனை குறைவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று வருடத்துக்கு முன் வீடு மாறியபோது பழைய வீட்டு உரிமையாளர் முன்பணத்தில் பெரிய துண்டைப் பிடித்துக்கொண்டார். "பாம்பு வாசனை, வர்ணம் அடிக்கணும்." பாம்பு இருந்தது பின்னறையில். அவர் வர்ணம் அடித்தது முன்கூடத்துக்கு. அந்தக் கூடத்துச் சுவரில் நாங்கள் குடிவரும் முன்பே ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தது, படம்கூட எடுத்து வைத்திருந்தேன். படத்தைக் காட்டினால் "கேமராவில் அப்படித்தான் தெரியும்" என்கிறார். ஒரு மனிதர் இப்படியும் பேசுவாரா! சரி, விடுங்கள்.

எத்தனை நாள் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல கவனிப்பில் 20, 30 வருடம் சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961 முதல் இருந்த ஒரு பெண் பால் பைதான் 2020இல், கிட்டத்தட்ட 62 வயதில், 7 முட்டை இட்டது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆண் பாம்பின் முகத்தையே பார்க்காமல். தேறியதும் வேறு நல்ல இடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றால் அதுவும் தவறில்லை. அதையும் இப்போதே விசாரிக்க ஆரம்பியுங்கள், ஆள் கிடைக்க நாளாகும்.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வேறு மாதிரி போகிறது. கல்யாணம் காதுகுத்து எங்கே பார்த்தாலும் சித்தி, "எங்க புள்ள ஆசையா வளர்த்த பாம்பை இவ வாங்கி வச்சுக்கிட்டா" என்கிறார். 612 கிராம் என்று எழுதிய நோட்டைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன், இன்னும் எடுத்துக் காட்டியதில்லை. போன மாதம் தம்பியே வந்திருந்தான். வேலை கிடைத்துத் தனி வீடு எடுத்துவிட்டானாம். தொட்டிக்கு முன்னால் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். "சூப்பரா தேத்திட்டியேக்கா. இப்ப நான் எடுத்துட்டுப் போகட்டா?"

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. சித்தி இந்தத் தளத்தில் இருக்கிறார்.