கத்திரிக்கு முந்தைய ஐந்தாறு வாரம்

வெயில் தொடங்கினாலே எரிச்சலாக இருக்கிறது, கோடையின் ஆரம்ப நாட்களை ரசிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக உண்டு. எனக்கு வருடத்திலேயே பிடித்த நாட்கள் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை பிறக்கும்வரைதான். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் அப்புறம் மொட்டைமாடியில் கால் வைக்க முடியாது. அதற்கு முன்னால் கிடைக்கும் ஐந்தாறு வாரத்தை எங்கள் வீட்டில் யாரும் விடுவதில்லை.

நாங்கள் இருப்பது திருச்சியில். மாடியில் தொட்டியும் பையுமாக நாற்பது இருக்கும். வெயில் காலத்தில் தக்காளிக்கு நான் மெனக்கெடுவதில்லை. சூடு கூடினால் பூவெல்லாம் கொட்டிவிடும். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை மூன்றும் வெயிலைத் தாங்கும். தை, மாசியில் வெண்டை விதை ஊன்றினால் ஒன்றரை மாதத்தில் பறிக்கத் தொடங்கலாம். தொட்டிகளை நேராகத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள், கான்கிரீட் சூடு வேருக்கு ஏறாது. ஹோஸ் பைப்பில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும், அதை ஒரு வாளியில் பிடித்து ஆற வைத்துவிட்டு அப்புறம் செடிக்குப் பிடியுங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இறங்கிய பிறகு அடித்தால் போதும்.

ஆனால் இந்த நாட்களின் ராணி குண்டுமல்லிதான். கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து தொழுவுரம் போட்டுவிட்டால், மார்ச்சில் மொட்டு வைக்கும். வெயில் ஏற ஏற பூ கூடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டுகளைப் பறித்துக்கொண்டு கீழே இறங்கினால், அத்தை வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் டிவியில் இருக்க, கை தானாகக் கட்டிக்கொண்டே போகும். சரம் முடிவதற்குள் முதலில் கட்டிய மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் கூடத்தில் வந்து உட்கார்ந்து பாருங்கள், வெயிலை யார் நினைப்பார்கள்!

அடுத்தது பயணம். ஊட்டி, கொடைக்கானலுக்கு மே மாதத்தில் கூட்டம் தாங்காது. 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் பங்குனியில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்தால் கொல்லிமலைக்குக் கிளம்பிவிடுவோம். முசிறி, தொட்டியம் வழியாக வாழைத்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே நாமக்கல், அங்கிருந்து சேந்தமங்கலம், காரவள்ளி. காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருப்பதால் பிள்ளைகள் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள். வயிற்றைப் புரட்டுகிறவர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்ததும் பெரியவள், பாடத்தில் படித்த கடையெழு வள்ளல்கள் ஏழு பேரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரம் படிகள் போல இருக்கும். கோடையில் தண்ணீர் குறைவுதான், அதனாலேயே பிள்ளைகளோடு அடியில் நிற்கப் பயமில்லை. முட்டி வலி உள்ளவர்கள் இறங்க வேண்டாம். அத்தை கோயிலிலேயே இருந்துவிடுவார்.

போன வருடம் நாங்கள் போவதற்கு ஒரு வாரம் முன்னால் அங்கே நல்ல மழை பெய்திருந்தது. தங்கிய இடத்தை ஒட்டி ஒரு சின்னக் காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே காபிச்செடியின் கிளை நெடுக வெள்ளை வெள்ளையாகப் பூ. கோடைமழை ஒன்று விழுந்தால் எட்டுப் பத்து நாளில் காபி இப்படி ஒரே நேரத்தில் பூத்துவிடும், இரண்டு மூன்று நாளில் வாடியும்விடும். அத்தை கிளையை வளைத்து முகர்ந்து பார்த்து, "நம்ம மல்லி வாசமேதான்டி!" என்றார். பறிக்கவில்லை. காய் பிடிக்கிற பூ என்று சொல்லிக் கிளையை மெதுவாக விட்டுவிட்டார்.

ஊருக்குப் போனால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்றுதான் எல்லோரும் தயங்குவார்கள். முதல் வருடம் எங்களுக்கும் கீரையெல்லாம் கருகிப்போயிற்று. இப்போது பெரிய பைகளில் சின்ன மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பித் தட்டால் மூடிவிடுவேன். கசிந்து கசிந்து வேருக்குப் போகும். சின்னத் தொட்டிகளை நிழல்வலைக்கு அடியில் நெருக்கி வைத்து, பழைய வேட்டித் துணியைத் திரியாகக் கிழித்து, ஒரு முனையைத் தண்ணீர் வாளியிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் விட்டுவிடுவேன். மண்மேல் சருகு மூடாக்கு. எதிர்வீட்டு அக்காவிடம் மாடிச் சாவியைக் கொடுத்து, வெண்டைக்காயைப் பறித்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். பறிக்காமல் விட்டால் முற்றிப்போய் அடுத்த காய் பிடிப்பது குறைந்துவிடும். மூன்று நாளைக்கு இது தாராளம்.

திரும்பி வரும்போது இரவு ஒன்பதாகிவிடும். பையை இறக்குவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். போன வருடம் படியில் ஏறும்போதே வாசம் வந்துவிட்டது. மூன்று நாளாகப் பறிக்காத மல்லி, செடியிலேயே பூத்துத் தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. சின்னவன் உதிர்ந்ததைச் சட்டையில் அள்ளிக்கொண்டு போய் அத்தையின் மடியில் கொட்டினான்.