என் அப்பா போகிற இடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறார். கூச்சமாக இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது தம்பி. (தங்கச்சியாகவும் இருக்கலாம், கேள்வியில் தெரியவில்லை.) நீங்கள் புகார் சொல்லும் அப்பா நான்தான். அதாவது உங்கள் அப்பா இல்லை, கோத்தகிரிப் பக்கம் இருக்கும் இன்னொரு அப்பா. குற்றம் மட்டும் அதேதான்.

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. மகன் மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். சொன்னதும் "டிரைவரா?" என்பார்கள். இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, எஞ்சின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு ஏறும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஆள் நின்று கையால் பிரேக் பிடிக்க வேண்டும். முன்பெட்டியில் நிற்பவர் காட்டும் கொடியை நம்பித்தான் பின்னால் இருக்கும் டிரைவரே வண்டியை நகர்த்துவார். இதை யாரிடம் எத்தனை முறை சொன்னாலும் அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். வில்லங்கம் மகளிடம்தான்.

அவள் குன்னூரில் தேயிலை ஏலத்துக்கான ஒரு தரகு நிறுவனத்தில் டீ டேஸ்டிங் பழகுகிறாள். "பழகுகிறாள்" என்று இப்போது கவனமாக எழுதுகிறேன். போன வைகாசியில் அந்தக் கவனம் இல்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், பெண் வீட்டுச் சொந்தம், "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டார். கேட்டது அவர்தான், நானாக ஆரம்பிக்கவில்லை. "குன்னூர் ஏலத்துக்கு வர்ற தேயிலைக்கெல்லாம் எம் பொண்ணுதான் விலை வைக்குது" என்றேன். "டீ குடிக்கிறதுக்குச் சம்பளமா? நான் தினம் ஆறு டீ குடிக்கிறேனே, எனக்கு எவ்வளவு தருவாங்க?" என்றார். அந்த வரிசையே சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. குடிப்பது வேறு, உறிஞ்சுவது வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், அப்போதுதான் சாயம் வாய் முழுக்கத் தெறித்து வாசம் மூக்குக்கு ஏறும், அப்புறம் துப்பிவிட வேண்டும், ஒரு நாளைக்கு நூறு கோப்பைக்கு மேல் இப்படி. வாயால் சொன்னது போதாதென்று டம்ளரில் இருந்த ரசத்தை எடுத்து "ஸ்ர்ர்ர்ர்" என்று இழுத்தும் காட்டினேன். புரை ஏறிவிட்டது. மூக்கில் மிளகு, கண்ணில் தண்ணீர், யாரோ தலையில் தட்டுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் எதிர் வரிசையில் மகள். சாப்பிடாமல் இலையை மூடிக்கொண்டிருந்தாள்.

மலை ஏறும்வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்: "அப்பா, நான் விலை வைக்கல. எங்க சார் குடிச்சுட்டுச் சொல்றத நான் எழுதுறேன். நான் நெனச்சதும் அவர் சொன்னதும் ஒத்துப்போகுதான்னு பாத்துக்கிறேன். அவ்ளோதான் என் வேலை. நாளைக்கு அந்த ஆளு எங்க ஆபீஸ்ல யாருக்காவது சொந்தமா இருந்தா என் நிலைமை என்ன?"

அவள் சொன்னது சரி. மறுக்கவில்லை. ஆனால் கீழே வந்து "பிள்ளைகளைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள்" என்று எழுதப்போகிறவர்கள் இதையும் படித்துவிட்டு எழுதட்டும். சிலோன் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் போட்ட 1964 ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. 1973இல், எனக்கு எட்டு வயது, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, இந்த மலைக்கு வந்தோம். என் அம்மா அங்கேயும் கொழுந்து எடுத்தார், இங்கேயும் எடுத்தார். எடுத்த கொழுந்தின் நிறை குறைந்த நாளில் செக்ரோலில் (தோட்டத்து வருகைப் பதிவேடு) அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது அரை நாள் கூலி. ஊரில் "பேர் சொல்லும் பிள்ளை" என்பார்கள். முழுப்பேர் விழுந்தாலே பெரிய விஷயம் என்று இருந்த வீடு எங்களுடையது. எங்களைப் பற்றி எந்தப் பந்தியிலும் யாரும் எதுவும் கேட்டதில்லை.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஒன்பது தடவை நடந்தேன். "உங்க அப்பாவோட சான்றிதழ் எங்கே?" என்றே ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். எங்கள் தகரப்பெட்டியில் இருந்தது பாஸ்போர்ட்டும் இரண்டு கம்பளியும். ஒன்பதாவது தடவை நாற்காலியில் வேறு ஆள். அதே காகிதங்களைப் பார்த்து அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தார். அப்படியென்றால் முதல் எட்டு தடவை நான் எதற்கு நடந்தேன்? சரி, விடுங்கள்.

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு, மகள் ஆர்த்தடாக்ஸ் தூள் (இலையைச் சுருட்டிச் செய்யும் தேயிலை) கொஞ்சம் கொண்டுவந்தாள். என்னை உட்கார வைத்து அவள் வேலை என்னவென்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். வெள்ளைக் கோப்பையில் தூள், கொதிநீர், ஐந்தாறு நிமிடம் மூடி. சாயத்தை வடித்துவிட்டு, ஊறிய இலையைக் கவிழ்த்த மூடியின் மேல் பரப்பிப் பார்க்க வேண்டுமாம். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவள், விரல் வெடிப்பில் கறுப்புக் கறை இன்னும் போகவில்லை. அந்த விரலால் ஓர் இலையைப் பிரித்து, "இது நாள் தள்ளி எடுத்தது, முத்தல் கலந்திருக்கு" என்றாள். மகள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமாம்மா" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இதையும் ரேஷன் கடையில் சொன்னேன்.

இப்போது வீட்டில் ஒரு ஒப்பந்தம். பேசலாம், ஆனால் இல்லாத பதவி கொடுக்கக் கூடாது, சம்பளத்தைச் சொல்லவே கூடாது. உங்கள் அப்பாவையும் ஒரு நாள் இப்படி உட்கார வைத்துப் பாருங்கள். எங்களுக்கு உங்கள் வேலை பாதிதான் புரிகிறது, மீதியைத்தான் நாங்களாகப் பதவி வைத்து நிரப்பிவிடுகிறோம்.

அப்புறம், இவ்வளவு கேட்டவர் நீங்கள் என்ன வேலை என்று எழுதவே இல்லையே. என்ன வேலை?