அந்தத் தாளில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: கோவையில் முழுநேர பிஎச்.டி. மாணவன். எங்கள் லேபுக்குப் பன்னாட்டு சிப் நிறுவனம் ஒன்று நிதி தருகிறது. என் உதவித்தொகையும் அதிலிருந்துதான். சிப் சூடாவதைக் குறைக்க நான் உருவாக்கிய சர்க்யூட்டுக்கு அவர்கள் பேட்டன்ட் எடுக்கப் போகிறார்கள். 'என் கண்டுபிடிப்புகள் அனைத்தையும் இதன்மூலம் நிறுவனத்துக்கு ஒப்படைக்கிறேன்' என்ற தாளில் கையெழுத்துக் கேட்கிறார் கைடு. போட்டால் என் பெயர் போய்விடுமா? தீசிஸ் சமர்ப்பிக்க முடியுமா?

பதில்: பெயர் போகாது, உரிமை போய்விடும். கண்டுபிடிப்பாளராக உங்கள் பெயர் விடுபட்டால் காப்புரிமை (பேட்டன்ட்) சட்டம் 1970-இன் 28-ஆவது பிரிவில் படிவம் 8 கொடுத்துக் கேட்கலாம். ஆனால் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு ரூபாய் ராயல்டி வராது.

6-ஆவது பிரிவுப்படி பேட்டன்ட் கேட்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கும், அவர் எழுதிக் கொடுத்தவருக்கும்தான். உதவித்தொகை வாங்குவதாலேயே நீங்கள் நிறுவன ஊழியர் ஆகிவிடவில்லை. கையெழுத்துக்கு இத்தனை அவசரம் ஏன் என்று இப்போது புரியும்.

சேர்க்கையின்போது பல்கலைக்கழகத்துக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா? அதைத் தேடி எடுங்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு 'ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்' என்று எழுதியிருந்தார். பிறகு சீட்டஸ் நிறுவன லேபில் வேலை பழகப் போனபோது 'இதன்மூலம் ஒப்படைக்கிறேன்' என்று கையெழுத்திட்டார். சீட்டஸின் அந்த ஆய்வு சார்ந்த தொழிலைப் பின்னர் வாங்கிய ரோஷ் நிறுவனத்தின் மீது ஸ்டான்ஃபோர்ட் பேட்டன்ட் வழக்குப் போட்டது. 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றது. முதல் வாசகம் பிறகு தருவதாகச் சொல்லும் வாக்குறுதிதான்; இரண்டாவது வாசகம் உரிமையை அப்போதே மாற்றிவிடுகிறது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. என்றாலும் உங்கள் தாளில் இருப்பது அந்த இரண்டாவது வாசகம்தான்.

'அனைத்தையும்' என்பதை அடித்துவிட்டு, இந்த சர்க்யூட்டை மட்டும் விவரமாக எழுதச் சொல்லுங்கள். வருமானப் பங்கை அதே தாளிலேயே கேளுங்கள். 'பிறகு பார்த்துக்கலாம்' என்று கைடு சொல்வது நல்லெண்ணத்தில்தான் இருக்கும். கோர்ட்டில் அதற்கு மதிப்பில்லை.

தீசிஸ் விஷயத்தில் வரிசைதான் முக்கியம். வைவா பொதுவில் நடக்கும், தீசிஸ் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி ஏறும். விண்ணப்பத்துக்கு முன்பே விவரம் வெளியானால் பேட்டன்ட்டே கிடைக்காமல் போகலாம். தற்காலிக விண்ணப்பத்தை முதலில் போடச் சொல்லுங்கள். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தால், எத்தனை நாளுக்குள் உங்கள் கட்டுரையைப் பார்த்துப் பதில் சொல்வார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் முதலில் விண்ணப்பிப்பதாக இருந்தால், 39-ஆவது பிரிவின்கீழ் இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று 118-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியாவில் வசிக்கும் கண்டுபிடிப்பாளர் நீங்கள் என்பதால், அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கி வையுங்கள்.